முதுகைப் பார்க்கும் பொம்மைகள்

பெட்டியிலிருந்து சூப்பர்வைசர் எடுத்த பொம்மைக்கு முகம் முதுகுப் பக்கம் இருந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"என்னக்கா இது?" என்று பதறினார்.

"தலை சார்," என்றாள் பெரியக்கா. தலை மாட்டும் மேசையில் மூத்தவள் அவள்தான்.

"தலைன்னு தெரியுது. ஏன் பின்னாடி பார்க்குது?"

"கை தவறிடுச்சு சார்."

கண்ணைக் கட்டிவிட்டாலும் நேராக மாட்டுகிற கைகள்! இந்த வாரம் பார்த்தா தவற வேண்டும்? சனிக்கிழமை முதலாளி வருகிறார். வேலை சுத்தமாக இருந்தால் சூப்பர்வைசருக்கு மாடியில் மேனேஜர் நாற்காலி. நேற்றுதான் இந்தச் சேதியை வாயெல்லாம் பல்லாக எல்லோரிடமும் சொல்லியிருந்தார். அவர் மனைவியோ தங்கைக்குப் போன் போட்டு, "இனிமே ஏசி ரூம்தான்டி!" என்று அளந்தே விட்டாள்.

வீட்டுக்குப் போய்ப் புலம்பினார்.

"எல்லாம் நீங்க குடுக்கிற இடம்," என்றாள் மனைவி. "பிள்ளைக்குக் காய்ச்சல்னா உடனே அனுப்பிடறீங்க. ஃபேன் ஓடலைன்னா நீங்களே ஏணியில ஏறி ரிப்பேர் பண்றீங்க. கம்பெனியில அனுப்பின பயிற்சி வகுப்புல என்னதான் சொல்லிக் குடுத்தாங்க?"

"தலைமை தாங்குறது மூணு விதமாம். அதிகாரம் பண்றது, கலந்து பேசுறது, அவங்க போக்குல விட்டுடறது."

"முதல்ல அதிகாரம் பண்ணுங்க!"

மறுநாள் வந்ததும் வராததுமாக மேசையை ஓங்கித் தட்டினார். "நான் சொல்றதை மட்டும்தான் செய்யணும்!" தட்டின கை வலித்தது. யாருக்கும் தெரியாமல் பின்னால் கொண்டுபோய்த் தேய்த்துக்கொண்டார்.

சொன்னதை மட்டுமே செய்தார்கள். தலையை மாட்டச் சொன்னவர், கையை மாட்டச் சொல்ல மறந்துபோனார். சாயங்காலம்வரை கையில்லாத பொம்மைகள் பெட்டி பெட்டியாகப் போயின. தலை மட்டும் பழையபடி பின்னால்தான் பார்த்தது.

சரி, கலந்து பேசலாம் என்று வியாழக்கிழமை எல்லோரையும் உட்காரவைத்தார். பேச்சு வளர்ந்து, தலையை எந்தப் பக்கம் மாட்டுவது என்று ஓட்டெடுப்பு வரை போனது. முன்பக்கத்துக்கு ஒரே ஓட்டு. அதுவும் அவர் போட்டது.

"எப்படியோ போங்க!" என்று வெள்ளிக்கிழமை அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். வெளியே ஒரே சிரிப்பு. எட்டிப் பார்த்தால், பெண்கள் பொம்மைகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தார்கள். முகம் முதுகுப் பக்கம் இருந்ததால் சடை வயிற்றில் தொங்கியது.

சனிக்கிழமை முதலாளி ஒரு பொம்மையை எடுத்து முன்னும் பின்னும் திருப்பினார். எது முன், எது பின் என்று அவருக்கே குழம்பியது. பிறகு சூப்பர்வைசரை மேலும் கீழும் பார்த்தார்.

"மாடி வேலை உனக்குச் சரிப்பட்டு வராதுய்யா. நீ இங்கேயே இரு."

சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டார். மச்சினிக்கு என்ன பதில் சொல்வது? சூப்பர்வைசர் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

பெரியக்கா மெதுவாகப் பக்கத்தில் வந்தாள். "என்ன சார் சொன்னாரு?"

"போச்சுக்கா. மேல அனுப்ப மாட்டாராம். கடைசிவரைக்கும் உங்களோடதான் நான்."

"நிஜமாவா சார்?"

"இதுல பொய் வேற சொல்லுவாங்களா?"

பெரியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேசைப் பக்கம் திரும்பி, கட்டடமே அதிரக் குரல் கொடுத்தாள்:

"சார் எங்கேயும் போகலையாம்! இனிமே தலையை நேரா மாட்டுங்கடி!"