டாங்குய் வேரில் மென்தோல்

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனைப்போல ஆபத்தான பொருள் எந்த ஆய்வுகூடத்திலும் இல்லை. ஏதாவது ஒரு குற்றத்தைக் கண்டுபிடிக்காமல் அவன் ஓயமாட்டான்.

கனடாவின் மார்க்கம் நகரில், சீன மூலிகைகளின் தரத்தைச் சோதிக்கும் இடமொன்றில் நான் அப்படித்தான் சேர்ந்திருந்தேன். வேலை நிரந்தரமா இல்லையா என்பது அந்த வெள்ளிக்கிழமை தெரியவிருந்தது. என் மனைவி வாணி, "பெர்மனென்ட் ஆக்கட்டும், பிறகு ஊருக்குச் சொல்லுவம்" என்று மூச்சு விடாமல் இருந்தாள். (மூன்று மாமிமாருக்கு மட்டும் சொல்லியிருந்தாள்.)

அந்த வாரம் டாங்குய் வந்தது. சீனர்கள் சூப்பில் போட்டு அவிக்கும் மருந்து வேர். அரைத்து, கரைப்பானில் ஊறவைத்து மெஷினுக்குள் விட்டால், வேரில் இருப்பதெல்லாம் திரையில் சிகரம் சிகரமாக எழும். எழுந்தது. கூடவே அந்த வேருக்குச் சம்பந்தமே இல்லாத மென்தோல் என்கிற புதினாச் சத்தும் எழுந்தது. கலப்படம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"அவசரப்படாதையும். திரும்பச் செய்து பாரும்" என்றார் மேலதிகாரி கௌரி அக்கா.

யோசித்ததில் காலைத் தலையிடி திரும்ப வந்தது. தைலத்தை மறுபடியும் நெற்றியில் நன்றாகத் தேய்த்துக்கொண்டு (எங்கள் சனத்துக்கு அதில்லாமல் மூளை ஓடாது) திரும்பச் செய்தேன். சிகரம் இன்னும் உயர்ந்தது. தலையிடியும் கூடியது. தைலமும் கூடியது.

"வேரே போடாமல் வெறும் கரைப்பானை விட்டுப் பாரும்."

அதிலும் மென்தோல். மூளையுள்ளவன் இந்த இடத்தில் நின்றிருப்பான். நானோ, "அக்கா, கரைப்பான் விக்கிறவங்களும் கள்ளர். ரெண்டு பேருக்கும் தொடுப்பு இருக்கு" என்றேன்.

அடுத்த நாள் வேரை இறக்குமதி செய்த சென் என்பவர் வந்தார். என் அறிக்கை போனால் அவருடைய சரக்கு முழுவதும் திருப்பி அனுப்பப்படும். முகம் காய்ந்திருந்தது. ஆனாலும் மரியாதையாகக் கை கொடுத்தார். நான் அறிக்கையை வாசிக்கத் தொடங்க, அவர் கண்ணைக் கசக்கினார். பொலபொலவென்று கண்ணீர். செய்த பாவத்துக்கு அழுகிறார் என்று எனக்கு மனம் இளகிவிட்டது.

அவர் தன் உள்ளங்கையை முகர்ந்தார். அதை அக்காவிடம் நீட்டினார். அக்கா முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் கையுறை போட்டுத்தான் செய்தனான், அக்கா."

"கையுறையை எந்தக் கையால போட்டனீர்?"

தைலம் தேய்த்த அதே கையால்தான்; தைலம் முழுக்க மென்தோல். வெட்கத்தில் காது சுட்டது. ஒரு மனுசனின் பிழைப்பில் மண்ணள்ளிப் போடப் பார்த்தேனே என்பது அதைவிடச் சுட்டது. ஓடி ஒளியத்தான் தோன்றியது. ஆனால் இதை நானே முடிக்காவிட்டால் இனி எந்த ஆய்வுகூடத்திலும் நிமிர்ந்து நிற்க முடியாது. சென்னிடம் மன்னிப்புக் கேட்டேன். கையைத் தோல் உரியும்வரை கழுவி, சட்டையையும் மாற்றி, அவர் பார்த்திருக்கவே எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். வேர் சுத்தம். அவர் சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை, இன்னும் மூன்று மாதம் பார்ப்போம் என்றார்கள். மூன்று மாமிமாருக்கும் வாணிதான் பதில் சொன்னாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்று பிடித்தேன். இன்று புதியவர்களைப் பழக்குவதே நான்தான்.

வீட்டில்தான் அந்த மூன்று மாதம் இன்னும் முடியவில்லை. தேங்காய்ப்பால் சொதியில் ஏதோ குறை என்று வாயைத் திறந்தால் போதும், இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த மகள் தொடங்கிவிடுவாள்: "அப்பா, ஃபர்ஸ்ட் உங்கட கையை மணந்து பாருங்கோ."

மணந்து பார்க்கிறேன். அநேகமாக அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கிறது.