களித் துடுப்பு

பேருதான் சக்கரவர்த்தி. வீட்டில் ஆட்சி மனைவி மணிமொழியுடையது. ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் அடங்குவதில்லை என்று அவன் முடிவெடுத்துவிட்டான். மாமியார் ஊரில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பிடுங்குகிறார்கள். போனால் பொழுதுக்கும் குந்திச் செடியிலிருந்து காய் ஆய வேண்டும். போன வருஷம் ஆய்ந்ததில் பிடித்த இடுப்பு இன்னும் விடவில்லை.

தப்பிக்க ஒரு சாக்கு கிடைத்தது. செங்கம் ரோட்டில் அவன் வேலை பார்க்கும் விடுதியில் தங்கிய வெள்ளைக்காரர், ஊருக்குப் போகும்போது தன் ரப்பர் படகை அவனுக்கே கொடுத்துவிட்டார். காற்றடித்தால் படகு, இறக்கினால் பாய். துடுப்பையும் மடித்துப் பையில் போடலாம்.

"மணி, ஞாயித்துக்கிழமை நான் படகு விடப் போறேன்."

"போங்களேன். பெண்ணையாத்துல எனக்கு ஒரு துறை தெரியும். எங்கம்மா நெலத்துக்கு எதிர்க்கரை."

சக்கரவர்த்தி யோசித்தான். நடுவில் ஆறு. மாமியாருக்கு நீச்சல் தெரியாது.

"சரி, நீயும் வந்து பாரு. துடுப்ப மறக்காம எடுத்து வை."

துறை என்றால் படிக்கட்டு இல்லை. மாடு இறங்கி இறங்கி விழுந்த சேற்றுப் பள்ளம். அவன் படகை இழுத்தான், சேறு அவனை இழுத்தது. செருப்பு ஒன்றை ஆற்றுக்குக் காணிக்கை கொடுத்து ஒருவழியாக ஏறி உட்கார்ந்தான்.

"துடுப்பக் குடு!"

மணிமொழி குழந்தை கவிநிலாவை இடுப்பு மாற்றிக்கொண்டு, பையிலிருந்து எடுத்து நீட்டினாள். களி கிண்டுகிற துடுப்பு.

"அடியே, இதுவா?"

"துடுப்புனுதானே சொன்னீங்க? நம்ம வீட்ல துடுப்புனா இதாங்க."

அதற்குள் படகு நழுவிவிட்டது. அவன் கிண்டினான். படகு சுற்றியது. ஜாஸ்தி கிண்டினான். ஜாஸ்தி சுற்றியது.

"என்னங்க, ஆத்துலயும் கிரிவலமா?"

"சிரிக்காதடி! இழுத்துட்டுப் போவுது பாரு!"

"பயப்படாதீங்க! இங்க எறங்குற மாடெல்லாம் அந்தாண்ட பத்திரமா ஏறிடும்!"

ஏறிவிட்டான். படகு மணலில் முட்டி நின்ற இடத்துக்கு நேரே மலை மாதிரி மல்லாட்டைச் செடிக் குவியல். பக்கத்தில் மாமியார் எல்லம்மாள். அவள் கையில் வெள்ளைக்காரர் கொடுத்த துடுப்பு.

"வாங்க மாப்ள. அந்தக் களித்துடுப்ப இப்டி குடுங்க, கோழிக்கொழம்பு கொதிக்குது, களி கிண்டணும். உங்க துடுப்ப பொண்ணு நேத்தே குடுத்தனுப்பிட்டா. ஆஞ்சி முடிச்சதும் கையில குடுக்கச் சொன்னா."