அடிமட்டத்துக்கு அகப்படாத மூவாயிரத்து அறுநூறு கிலோமீட்டர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. முழங்காலைத் தவிர எனக்கு எல்லாம் சௌக்கியம். உனக்கு முழங்காலும் சேர்த்துச் சௌக்கியமாக இருக்கட்டும்.

நடுவானில் நான் விமானத்தை நிறுத்தச் சொன்னேன் என்று என் மருமகள் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறாள். அது பொய். நிறுத்தச் சொல்லவில்லை, திருப்பச் சொன்னேன்.

மகளைப் பார்க்கப் புறப்படுமுன், கான்வென்ட்டில் சிஸ்டர் பழக்கியபடி, அட்லஸில் இரண்டு ஊருக்கும் நடுவே அடிமட்டம் வைத்து அளந்தேன். பதினாறாயிரம் கிலோமீட்டர் வந்தது. மகன் கொடுத்த பயணத்தாளிலோ பன்னிரண்டாயிரத்து நானூறு, பதினான்கு மணி இருபது நிமிடம் என்று இருந்தது. மீதியை எங்கே ஒளித்துவைத்தார்கள் என்ற கவலையோடு ஏறி உட்கார்ந்தால், முன்னால் இருந்த திரையில் குட்டி விமானம் நான் போட்ட கோட்டை மதிக்காமல் வடக்கே ஏறிக்கொண்டே போகிறது, பக்கத்தில் இருப்பவர் குறட்டை விடுகிறார், ஒருவருக்கும் பதற்றமில்லை, நான்தான் மணியை அழுத்திப் பணிப்பெண்ணைக் கூப்பிட வேண்டியிருந்தது.

“விமானி வழி தவறிட்டார். உடனே திருப்பச் சொல்லும்மா.”

அவள் சிரிக்கவில்லை. என் சாப்பாட்டுத் தட்டிலிருந்த ஆரஞ்சை எடுத்து, அதில் இரண்டு இடத்தில் நகத்தால் குறி போட்டு, ஹெட்போன் வயரை என் கையில் கொடுத்தாள்.

“இது நம்ம ஊர், இது நீங்க போற ஊர். வயரை நல்லா இழுத்துப் பிடிங்க. எப்படிப் போகுது?”

“மேலே ஏறிப் போகுது.”

“அதுதாம்மா குறுக்கு வழி. தட்டையான படத்துலதான் வளைஞ்சு தெரியுது.”

ஜன்னல் மறைப்பைத் தூக்கினேன். தம்பி, கீழே முழுக்கப் பனிக்கட்டி. அட்லஸின் உச்சியில் வெள்ளையாக இருக்குமே, மை தீர்ந்து அச்சுப் போடாமல் விட்ட இடம் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அது நிஜமாகவே வெள்ளை. நீல விரிசல்கள் ஓடின. நடுநிசியாக வேண்டிய நேரத்தில் சூரியன் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது. என் வாய் திறந்திருப்பதை நானே கவனித்து மூடினேன். பிறகும் திறந்துகொண்டது.

பதினோரு வருடம் முன்பு என் சாப்பாட்டு மேஜையில் இந்த வளைந்த குறுக்கு வழியைத்தான் நீயும் சொன்னாய். “நாப்பது வருஷம் பிள்ளைங்களுக்கு இந்த பூகோளத்தையா சொல்லிக்கொடுத்தே?” என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். நீ பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு போனாய். அப்புறம் வரவில்லை.

இதை மன்னிப்புக் கடிதம் என்று எண்ணிக்கொள்ளாதே. விமானம் பற்றிய தகவல், அவ்வளவுதான்.

உன் வீட்டாருக்கு என் அன்பும், உனக்கு ஆசியும்.

அக்கா

பின்குறிப்பு: மேலே ‘விமானம் பற்றிய தகவல், அவ்வளவுதான்’ என்று இருப்பதை அடித்துவிட்டுப் படி. நீ சொன்னது சரி. உன் வீட்டுக்குப் பஸ்ஸில் நாற்பது நிமிடமாம், ஆஸ்பத்திரி வழியாகச் சுற்றிக்கொண்டு போகுமாம். கண்டக்டரிடம் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரலாமா? போனில் வேண்டாம், எழுத்தில் பதில் போடு.