ஆய்வாளர்காம் இயல்

முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்வது அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. செய்ததைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவில் தாளில் இறக்குவதற்குள்தான் உயிர் போய்விடும். இடது ஓரம் ஒன்றரை அங்குலம், மற்ற பக்கமெல்லாம் ஓர் அங்குலம், முன்பக்கங்களுக்கு ரோமன் எண், இயல் தொடங்கும் பக்கத்தில் எண்ணே கூடாது, அட்டை கருநீலம். (வெறும் நீலத்தில் பைண்டிங் செய்துகொண்டு போனவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த விதிகளைத் தாண்டி வந்ததற்கே தனியாக ஒரு பட்டம் கொடுக்கலாம்.)

என் தலைப்பு, தாம்பரம் வட்டார ஊர்ப்பெயர்கள். பெரும்பாக்கம், கோவிலம்பாக்கம் என்று ஸ்கூட்டியில் அலைந்து, பழைய ஆட்களைப் பேசவைத்து, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே பின்னிணைப்பில் சேர்த்திருந்தேன். அப்போது ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர் வேலை. பட்டம் வந்தால் வேலை நிரந்தரம், வராவிட்டால் ஜூனில் வேறு ஆள் என்று முதல்வர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அவர் சிரிக்காமல் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

ஒப்படைக்க வேண்டிய கடைசி நாள் காலை, சேலையூரில் ஒரு டி.டி.பி. கடையில் பிரிண்ட் எடுக்க உட்கார்ந்திருந்தேன். பொழுது போகாமல் விதிமுறைகளின் கடைசிப் பக்கத்தை முதல்முறையாகப் படித்தேன். ஆய்வேட்டில் 'நான்' என்ற சொல் வரக்கூடாது, 'ஆய்வாளர்' என்றே எழுத வேண்டும் என்று இருந்தது. என் ஆய்வேட்டிலோ பக்கத்துக்குப் பக்கம் நான்தான். நான் சென்றேன், நான் கண்டேன், நான் கருதுகிறேன். (அந்தக் கருத்துகளை வேறு யாரும் கேட்கவில்லை என்பது தனி விஷயம்.)

"இன்னா மேடம், பிரிண்ட் குடுத்துடவா? மதியம் கரண்டு கட்டு கீது" என்றார் கடைக்காரர்.

"ஒரே நிமிஷம்ணா. ஒரு வார்த்தையை மட்டும் மாத்தணும்."

"ஒரு வார்த்தைதானே, மாத்திக்கினு சொல்லுங்க."

மௌஸை வாங்கி, 'நான்' வரும் இடமெல்லாம் 'ஆய்வாளர்' போடு என்று கட்டளையிட்டேன். எல்லாவற்றையும் மாற்றவா என்று கணினி ஒருமுறை கேட்டது. அதைக் குறை சொல்லக்கூடாது, அது கேட்டது. மாற்று என்றேன். கண் இமைப்பதற்குள் முடிந்துவிட்டது. 'ஆய்வாளர் கண்டேன்' என்றால் இலக்கணம் இடிக்குமே என்று ஓர் ஓரமாகத் தோன்றத்தான் செய்தது. ஆனால் கரண்டு போய்விடுமே. பைண்டிங்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி, கவுன்ட்டர் மூடுவதற்குள் ஒப்படைத்தேன். அட்டை அசல் கருநீலம்.

சில மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு. இது பொதுவில் நடக்கும். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், வந்தவர்களுக்கு நாம் சமோசாவும் காபியும் கொடுக்க வேண்டும். (விதிமுறையில் சமோசாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனாலும் அதைத் தவறவிட்டவர் யாருமில்லை.) என் மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. பீர்க்கன்கரணையில் எங்கள் தெருப் பெண்களை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு வந்து முதல் வரிசையை நிரப்பிவிட்டார்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் சிரிப்பே அறியாத மனிதர். அவர் கையிலிருந்த என் ஆய்வேட்டில் மஞ்சள் சீட்டுகள் சடைசடையாகத் தொங்கின.

"அம்மா, மூன்றாம் இயலுக்கு அப்புறம் என்ன வரும்?"

"நான்காம் இயல் ஐயா."

"என்கிட்ட இருக்கிற பிரதியில அப்படி இல்லையே." தொண்டையைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். "ஆய்வாளர்காம் இயல்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் அடுத்த சீட்டுக்குப் போனார். "இக்கோயிலின் வாசலில் ஆய்வாளர்கு சிலைகள் உள்ளன." கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "உயிரோட இருக்கும்போதே சிலையா அம்மா? அதுவும் பன்மையில."

அப்போதுதான் உறைத்தது. 'நான்கு' என்ற சொல்லுக்குள் ஒரு 'நான்' உட்கார்ந்திருப்பது, வருடக்கணக்காகத் தமிழ் படித்த எனக்கு அந்த நிமிடம்வரை தெரியாது. முதல்வரின் சிரித்த முகம் கண்முன்னால் வந்து நின்றது.

"பின்னிணைப்பையும் பார்த்துடுவோம். ஒரு பெரியவரோட பேட்டி" என்றவர், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசித்தார். "ஆய்வாளர்தான் அப்போ ஏரிக்கரையில சாராயம் காச்சிகினு இருந்தேன். போலீசு வந்தா ஆய்வாளர் தண்ணிக்குள்ள முங்கிக்குவேன்."

அரங்கம் அதிர்ந்தது. என் நெறியாளர் மின்விசிறியை உன்னிப்பாக ஆராயத் தொடங்கினார். அந்தச் சிரிப்பு கொஞ்சம் அடங்கிய இடைவெளியில், என் மாமியார் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது.

"காலேஜுக்குப் போறேன்னுதாம்மா சொல்லிட்டுப் போனா."

சிரிக்கத் தெரியாத அந்தத் தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆராய்ச்சி நல்லாத்தான் இருக்கு. பட்டத்துக்குப் பரிந்துரை பண்றேன். ஆனா திருத்தின பிரதி வந்த பிறகுதான் கையெழுத்து. ஒவ்வொண்ணா, கண்ணால பார்த்து மாத்துங்க" என்றார். எனக்கு வெட்கத்தைவிட நிம்மதிதான் பெரிதாக இருந்தது. தேர்வு முடிந்து எல்லோருக்கும் கொடுக்கும்போது, கையில் சமோசாத் தட்டோடு நின்று அழுதேன்.

பட்டம் வந்தது, வேலையும் நிரந்தரமானது. எங்கள் வீட்டில்தான் அந்த எண் நிரந்தரமாகப் போய்விட்டது. ஓட்டலில் என் கணவர் கூசாமல் "ஆய்வாளர்கு இட்லி" என்பார். மாமியார் பால்காரரிடம் "நாளைக்கு ஆய்வாளர்கு பாக்கெட் போடுப்பா" என்பார். அவரும் சரியாகப் போட்டுவிட்டுப் போவார்.

போன மாதம் மகளின் எல்.கே.ஜி. மிஸ் எங்கள் இருவரையும் வரச்சொன்னார். "பாப்பா நல்லா படிக்கிறா. ஒன்று, இரண்டு, மூன்று வரைக்கும் கரெக்டா சொல்றா. அதுக்கப்புறம் என்னவோ ஒண்ணு சொல்றா மேடம், எவ்வளவு திருத்தினாலும் அதையேதான் சொல்றா" என்றவர், சங்கடத்தோடு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வீட்ல தமிழ் யாரு சொல்லித்தராங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார்.

"இவங்கதான் மிஸ். தமிழ்ல டாக்டர்."