முன் சீட்டில் மாமியார்

"சார், உங்க பேச்சு என் கண்ணைத் திறந்துடுச்சு. சைக்கிள் வாங்கிட்டேன்! இனிமே எனக்காக வண்டியை நிறுத்த வேண்டாம்."

தினமும் கூட வரும் இயற்பியல் துறைக்காரர் போனை வைத்துவிட்டார். காரில் சாவியைப் போட்டிருந்த பேராசிரியர் காலியான முன் சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

பல்கலைக்கழகத்துக்கு யாரும் காரில் தனியாக வராதீர்கள். பஸ்ஸில் வாருங்கள், சைக்கிளில் வாருங்கள், முடியாவிட்டால், கூட ஒருவரையாவது ஏற்றி வாருங்கள் என்று மேடையில் மேஜையைத் தட்டி முழங்கியவரே அவர்தான். ஒற்றை ஆள் வரும் காருக்கு முன்வாசலில் அனுமதி இல்லை என்ற விதியும் அவர் போட்டதே. இன்று முதல் அமல்.

நேற்றுக்கூட மாமியார் கேட்டார். "மாப்பிள்ளை, நானும் அந்தப் பக்கம்தான் தினமும் போறேன். என்னையும் ஏத்திக்கிறீங்களா?"

"எனக்கு வேற வழி அத்தை" என்று சொல்லிவிட்டார். எந்தப் பக்கம் என்று கேட்கவேயில்லை.

விஷயம் என்னவென்றால், காரில் வாய்விட்டுப் பாடுவது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்த சுதந்திரம். வீட்டில் வாயைத் திறந்தால் மனைவி ஜன்னலைச் சாத்துவாள். இயற்பியல்காரருக்கு ஒரு காது மந்தம்; அந்தக் காது டிரைவர் பக்கம் இருந்ததால்தான் அவரைச் சேர்த்துக்கொண்டார்.

இப்போது மாமியாரும் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போய்விட்டார். பேராசிரியர் பூனைபோல அவர் அறைக்குள் நுழைந்து, தலையணையைத் தூக்கிவந்து, பழைய சால்வையைச் சுற்றி முன் சீட்டில் உட்காரவைத்தார். பெல்ட்டும் போட்டுவிட்டார். ஊருக்கு உபதேசம் செய்தவர் கதி இப்படியாயிற்று.

வாசலில் காவலாளி குனிந்து பார்த்தார். "யாரு சார் கூட?"

"மாமியார். தூங்கறாங்க."

"மெதுவா போங்க சார், முழிச்சுக்கப் போறாங்க."

மறுநாள், "இன்னிக்கும் தூங்கறாங்களே?" என்றார்.

"உடம்பு சரியில்ல."

அதற்கடுத்த நாள் பேராசிரியர் தன்னை மறந்து பாடிக்கொண்டே வந்துவிட்டார். காவலாளியின் முகம் சுருங்கியது. "நோயாளியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு இப்படிக் கத்தலாமா சார்?"

அத்தோடு பாட்டும் போயிற்று. மருத்துவ அறை நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது அவர் காரை ரிவர்ஸ் எடுத்துத் தப்பினார்.

வீட்டில் மாமியார் ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் மட்டும், "உறையைத் துவைச்சுத் தலையணைக்கு மாட்டியிருக்கேன் மாப்பிள்ளை" என்றார். பேராசிரியரால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கடைசியில் துணைவேந்தரே கூப்பிட்டனுப்பினார்.

"உடம்பு முடியாத மாமியாரைக்கூடக் கூட்டிக்கிட்டு வர்றீங்களாமே! விதின்னா இப்படியில்ல மதிக்கணும்! நாளைக்குக் கூட்டத்துல அவங்களை மேடையேத்திக் கௌரவிக்கணும்."

"அவங்களுக்கு... கூட்டம்னா ஆகாது சார்."

"அப்ப நானே கார்கிட்ட வந்து பார்க்கறேன்."

தலையணைக்குத் துணைவேந்தர் மாலை போடும் காட்சி கண்முன்னே வந்தது. மானம் கப்பலேறிவிடும். விதி போட்டவனே மோசடி செய்தான் என்று மாணவர்கள் வரைக்கும் சிரிப்பார்கள். அன்று மாலை மாமியார் அறை வாசலில் போய் நின்றார்.

"அத்தை, நாளைக்கு என்கூடக் கார்ல வர்றீங்களா?"

"உங்களுக்கு வேற வழின்னீங்களே?"

"இல்ல அத்தை. ஒரே வழிதான்." சொல்லும்போதே காது மடல் எரிந்தது. "அப்புறம்... அங்க யாராவது கேட்டா, கொஞ்சம் உடம்பு முடியாத மாதிரி..."

மாமியார் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அதுக்கென்ன, ஆகட்டும்."

மறுநாள் தலையணை இருந்த இடத்தில் அதே சால்வையோடு மாமியார் உட்கார்ந்திருந்தார். வழி முழுக்கப் பேராசிரியர் சாலையை மட்டுமே பார்த்து ஓட்டினார். ஒரு பாட்டுக்காக, பெற்ற தாய் மாதிரி இருப்பவரை பஸ்ஸில் நிற்க விட்டோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. வாசலைத் தாண்டினால் போதும், இனி தினமும் இவரை ஏற்றி வருவேன் என்று உள்ளுக்குள் சத்தியம் செய்துகொண்டார்.

காவலாளி வழக்கம்போலக் குனிந்து பார்த்தார். வாயெல்லாம் பல்லாக நிமிர்ந்தார்.

"அட, நீங்களாம்மா? தினமும் பஸ்ஸை விட்டு இறங்கி லைப்ரரிக்குப் போறப்ப, 'சாரோட மாமியாருக்கு இன்னிக்கு எப்படி இருக்கு'ன்னு என்கிட்ட விசாரிச்சுட்டுத்தானே போவீங்க!"