மின்னலுக்காகத் துணி துவைத்தவர்

ஒரு ஃபிலிம் ரோலுக்கு முப்பத்தாறு படம் என்றிருந்த காலம் அது. முப்பத்தாறையும் எடுத்து முடித்து, ஸ்டுடியோவில் கழுவக் கொடுத்து, மூன்று நாள் நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தால்தான் எடுத்தது படமா பாழா என்று தெரியும். நம்மைப் போன்றவர்கள் அசையாமல் நிற்கிற ஆளை எடுத்தாலே தலை போய்விடும். அந்தக் காலத்தில்தான் லிஃப்ட்காரர் மின்னலைப் படம் பிடிக்க ஆசைப்பட்டார்.

லிஃப்ட்காரர் என்றால் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு வேர்த்து விறுவிறுத்துப் போனவர்களைப் பத்திரமாக இறக்கிவிடுவார். அவர் மனைவிக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. நாள் முழுக்க ஊரார் குரலைக் கேட்டுக் கேட்டு, ஒருவர் "ஹலோ" என்று ஆரம்பிக்கும்போதே அடுத்து வரப்போவது பொய்யா நிஜமா என்று சொல்லிவிடுவாள். இப்படி ஒரு மனைவியை வைத்துக்கொண்டு ஒருவர் வீட்டில் ரகசியம் வைக்கலாமா? வைத்தார்.

கல்யாணமான புதிதில் ரகசியமே தேவைப்படவில்லை. வானம் கறுத்தால் போதும், இருவரும் மொட்டை மாடிக்கு ஓடுவார்கள். முக்காலியில் கேமராவை நிறுத்தி, அதன் கண்ணைத் திறந்து வைத்துவிட்டு அவர் காத்திருப்பார். அவள் குடை பிடிப்பாள். குடை கேமராவுக்கு. மனிதர்கள் இருவரும் தொப்பலாக நனைவார்கள். பளீரென்று வெட்டியதும் சேர்ந்து எண்ணுவார்கள்: ஒன்று, இரண்டு, மூன்று... இடி கேட்கிறவரைக்கும். மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டர் என்று அவர்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். எண்ணுகிற சுவாரசியத்தில் கேமராவின் கண்ணை மூட மறந்துபோன நாட்கள் ஏராளம்.

ரோலைக் கழுவினால் பாதி வெள்ளை, பாதி கறுப்பு.

"என்ன சார், கரும்பலகையைப் படம் எடுத்தீங்களா?" என்பார் ஸ்டுடியோக்காரர்.

அவள் மட்டும் ஒவ்வொரு கறுப்புப் படத்தையும் கையில் வாங்கி உற்றுப் பார்ப்பாள். "இது அந்தப் பெரிய இடிக்கு முன்னாடி எடுத்தது. நான் உங்க கையைப் பிடிச்சுக்கிட்டேனே, அது." கறுப்பில் அவளுக்கு எல்லாம் தெரிந்தது.

அப்புறம் ஒரு சாயங்காலம், அவள் வேலையில் இருந்தபோது, அவர் தனியாக மாடி ஏறினார். பக்கத்து வீட்டு ஆன்டெனாவில் இடி விழுந்தது. முக்காலி ஒரு மூலையில் கிடந்தது, அவர் ஒரு மூலையில் கிடந்தார். உயிருக்கு ஒன்றுமில்லை. இடது காதுக்குள் மட்டும் மூன்று நாள் ஒரு வண்டு குடியிருந்தது. அன்று எக்ஸ்சேஞ்சிலிருந்து அவள் வீட்டுக்குப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். லைன் செத்துக் கிடந்தது. ஊரில் யாரை வேண்டுமானாலும் யாரோடு வேண்டுமானாலும் பேசவைக்கிறவளால் தன் புருஷனோடு பேச முடியவில்லை. வீட்டுக்கு ஓடி வந்தவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. மொட்டை மாடிக் கதவைப் பூட்டினாள். சாவியைக் கைப்பைக்குள் போட்டாள். அத்தோடு எட்டு வருடம்.

எட்டாவது வருட மழைக்காலத்தில், பன்னிரண்டாவது மாடிக்கு மேலிருந்த லிஃப்ட் மிஷின் ரூமில் நின்றுகொண்டு, வானம் முழுக்கக் கிளைவிட்ட ஒரு மின்னலை அவர் பார்த்துத் தொலைத்தார். அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் திட்டம் தயாராகிவிட்டது.

"ஏம்மா, இந்த வராந்தாவுல காயுற துணியில ஒரு மாதிரி வாடை அடிக்கலை?"

"எட்டு வருஷமா அங்கதான் காயுது."

"அதான் எட்டு வருஷ வாடை! நீயும் எவ்வளவுதான் செய்வ? இனிமே துணி துவைக்கிறது என் பொறுப்பு. நானே துவைக்கிறேன், நானே மொட்டை மாடியில காயப்போடுறேன், மழை வந்தா நானே ஓடிப்போய் எடுத்துட்டு வரேன்."

அவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். தன் கைக்குட்டையைக்கூட நனைத்தறியாத மனிதர்.

"நிஜமாவா சொல்றீங்க?"

"பின்ன? உனக்கு ஒரு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னுதான்."

சாவி கைமாறியது. "இடி சத்தம் கேட்டா துணி போனாப் போகுது, நீங்க கீழ வந்துடணும்."

"அடுத்த நிமிஷம் வந்துடுவேன்."

அன்று தொடங்கியது அவருடைய சலவை வாழ்க்கை. வெயில் கொளுத்துகிற நாளில் துணிப்பக்கம் திரும்பமாட்டார். மதியத்துக்கு மேல் மேகம் திரண்டால் வேலையிலிருந்து அவசரமாக வந்து, வாளியில் சோப்புத்தூளைக் கொட்டி, நுரை தலைக்கேற அடித்துத் துவைப்பார். துவைத்த துணிக்கு அடியில், பாலிதீன் பையில் சுற்றிய கேமரா. கொடியில் துணியை உதறிப் போடும் போதே முதல் மின்னல் வெட்டும். முழங்கை தேய்ந்தது. விரல்கள் வெந்த மாதிரி வெளுத்தன. ஆனாலும் மனசுக்குள் இருபத்தைந்து வயதுதான்.

ஒரே ஒரு தொல்லை. மின்னல் கிட்டே வந்து, இதோ படம் விழப்போகிறது என்கிற நேரம் பார்த்துக் கீழேயிருந்து குரல் வரும்.

"என்னங்க! உங்களுக்கு போன்! லிஃப்ட்ல யாரோ மாட்டிக்கிட்டாங்களாம்!"

விழுந்தடித்துக்கொண்டு இறங்கி ரிசீவரை எடுத்தால் வெறும் "கொர்ர்ர்" சத்தம்.

"மழைல கட் ஆயிருக்கும்" என்பாள் அவள்.

அந்த லிஃப்டில் மாட்டிக்கொண்ட முகம் தெரியாத ஆசாமியை மனதாரச் சபித்துக்கொண்டு அவர் திரும்பப் படியேறும்போது புயல் ஊரைத் தாண்டியிருக்கும்.

கடைசியில் ஒருநாள் மாலை, தொலைவில், மேற்கு வானத்தில், நாலு கிளையோடு ஒரு மின்னல் இறங்கியது. கேமராவின் கண் திறந்திருந்தது. மூட மறக்கவும் இல்லை. மறுநாளே ரோலைக் கழுவக் கொடுத்தார். ஸ்டுடியோக்காரருக்கு அவரைவிட சந்தோஷம். இத்தனை வருடக் கரும்பலகைக்குப் பிறகு ஒரு படம்! அதைத் தன் பிரியத்தில் ஒரு முழத்துக்குப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, நேராக வீட்டுக்கே கொண்டுபோய், "சார் கிட்ட கொடுத்துடுங்கம்மா" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

லிஃப்ட்காரர் வந்தபோது படம் மேஜைமேல் நின்றது.

"படம் ரொம்ப நல்லா விழுந்திருக்கு" என்றாள் மனைவி.

"இது... பழசும்மா. நாம ரெண்டு பேரும் எடுத்ததுதான். உனக்கு ஞாபகம் இல்ல?"

"கொடியில தொங்குது பாருங்க, கோடு போட்ட போர்வை. அது போன மாசம் வாங்கினது."

"அப்படியா?"

"எண்ணிப் பார்த்தேன். மொத்தம் பதினோரு துணி. துணி எடுக்கத்தானே மேல போனீங்க?"

"எடுக்கலாம்னு கையை நீட்டுற சமயத்துல..."

"கை கேமராவுக்குப் போயிடுச்சு."

தலையில் இடி விழ வந்திருந்தால்கூட எங்கேயாவது ஓடி ஒளிந்திருக்கலாம். இதற்கு ஓட இடமில்லை.

"எப்பலேருந்து தெரியும்?" என்றார் மெல்ல.

"முதல் நாளே. உலகத்துலயே மேகம் பார்த்துத் துணி துவைக்கிற ஆள் நீங்க ஒருத்தர்தான்."

"அப்பவே ஏன் கேட்கலை?"

"துணி நல்லா வெளுத்துதே!"

அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "உனக்கு பயமா இல்லையா?"

அவள் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க மேல நின்ன ஒவ்வொரு தடவையும் நான் படிக்கட்டுல நின்னு எண்ணிக்கிட்டு இருந்தேன். முப்பது, நாப்பதுன்னு வந்தா விட்டுடுவேன். இருபதுக்குக் கீழ இறங்கினா, போன் வந்திருக்குன்னு கூப்பிடுவேன்."

கொர்ர்ர் சத்தம் அவர் காதில் மறுபடி கேட்டது. லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஆசாமி யார் என்பது இப்போது விளங்கியது. சபித்ததை எல்லாம் மனதுக்குள் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"சாவியைக் கொடுங்க" என்றாள். கொடுத்தார்.

"வாங்க, ஒண்ணு காட்டுறேன்."

சமையலறைக்குக் கூட்டிப்போனாள். ஜன்னலை மறைத்து மாட்டியிருந்த அலமாரி எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது. பாத்திரம் தேய்க்கிற தொட்டிக்கு நேர் மேலே, சட்டம் போட்ட மாதிரி, முழு மேற்கு வானம். தொட்டி ஓரத்தில் முக்காலி நிற்க அளவாக இடம்கூட ஒழித்து வைத்திருந்தாள்.

"இங்கேருந்து எடுங்க. நனையவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம்."

அன்று சாயங்காலமே வானம் இருண்டது. முக்காலியை நிறுத்தினார். இருவரும் ஜன்னலோரம் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். தொலைவில் ஒரு வெட்டு. ஒன்று, இரண்டு, மூன்று... இரண்டு குரலும் சேர்ந்தே எண்ணின. அவள் கை அவர் கையைத் தேடிப் பிடித்தது. சோப்பில் ஊறி ஊறி அவர் கை இப்போது அவள் கையைவிடச் சொரசொரப்பாக இருந்தது.

அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இவ்வளவு நல்ல மனுஷியை ஏமாற்றப் பார்த்தோமே என்று உருகினார். உருகிய சூட்டோடு, நைசாக ஒரு வார்த்தையையும் போட்டுவைத்தார்.

"அப்போ இனிமே எனக்கு மொட்டை மாடியில வேலை இல்லை. துணியும்..."

"துணி காலையில" என்றாள் மனைவி, வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "மின்னல் வர்றவரைக்கும் இங்க சும்மாதானே நிப்பீங்க, சாயங்காலம் பாத்திரம்."