என் உணவுக்குழாய் விசாரணையைத் தள்ளிவைப்பது குறித்து

அன்பும் மரியாதையும் மிக்க மைத்துனருக்கு,

1. இதை எழுதுபவன் உமது அக்காவின் கணவன்; ஓய்வுபெற்ற வழக்கறிஞன். நல்ல நினைவோடும் எவருடைய வற்புறுத்தலும் இன்றியும் எழுதுகிறேன்.

2. உமது அக்கா பக்கத்து அறையில் இருப்பதால் மேற்படி வாக்கியத்தின் பிற்பகுதியை எச்சரிக்கையுடன் படிக்கவும்.

3. இங்கு அனைவரும் நலம். என் உணவுக்குழாயைப் பற்றி மட்டும் உறுதி கூற இயலாது.

விஷயத்துக்கு வருகிறேன். சில வாரங்களாக எனக்குச் சாப்பாடு நெஞ்சுக்குள் நின்று நின்று இறங்குகிறது. உமது அக்கா என்னை ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். நெஞ்செரிச்சல் உண்டா என்று அவர் கேட்டார். இக்கணம் இல்லை என்றேன். புகைபிடிப்பதுண்டா என்றார், தங்கள் முன்னிலையில் இல்லை என்றேன். உமது அக்கா குறுக்கிட்டாள். "டாக்டர், இவரு கூண்டுல நிக்கிறதா நினைச்சுக்கிட்டுப் பேசுறாரு. முப்பது வருஷமா நெஞ்செரிச்சல். இப்ப தண்ணி குடிச்சாத்தான் சாப்பாடே இறங்குது." நம் தரப்புச் சாட்சியே பிறழ்சாட்சி ஆகிவிட்டால் என்ன செய்வது?

மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு விளக்கினார். வயிற்று அமிலம் பல்லாண்டுகள் மேலேறி வந்தால் உணவுக்குழாயின் அடிப்பகுதிச் சவ்வு மாறிப்போகலாமாம். அப்படி மாறியவர்களில் பலருக்கு அல்ல, சிலருக்கு மட்டும், அது புற்றுநோயில் போய் முடியலாமாம். ஆபத்தைக் கூட்டுபவை எவை என்றும் சொல்லிக்கொண்டே போனார்: புகை, மது, பருத்த உடம்பு, கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது. அவர் சொல்லச் சொல்ல எனக்கு நாம் இருவரும் சேர்ந்து வக்கீல் தொழில் பார்த்த பழைய அலுவலகம்தான் கண்முன் வந்தது, அச்சகத்துக்கு மேலே, இயந்திரம் ஓடினால் மேசை நடுங்குமே, அந்த அறை. நீதிமன்ற மணி அடிப்பதற்குள் யார் முதலில் முடிப்பது என்று கொதிக்கும் தேநீரைப் பந்தயம் கட்டி விழுங்கியதும், நாக்கு வெந்துபோன நீர் நீதிபதி கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டிய வழக்கில் நாம் ஜெயித்ததும், ஒரே சிகரெட்டை ஆளுக்குப் பாதியாகப் பாகப்பிரிவினை செய்துகொண்டதும், நேரங்கெட்ட நேரத்தில் வயிறு முட்டத் தின்றுவிட்டு வழக்குக் கட்டுகளையே தலையணையாக வைத்துச் சாய்ந்ததும், அடடா, அதைவிட நல்லா நான் எப்பவும் இருந்ததில்ல மச்சான், அந்தம்மா அதையெல்லாம் குற்றப்பத்திரிகை மாதிரி வாசிச்சா எப்படி ஒத்துக்கிறது? அனைத்தையும் மறுத்தேன்.

அவர் கோபப்படவில்லை. "சார், நான் எதிர்த்தரப்பு வக்கீல் இல்ல. உங்க பக்கம்தான் இருக்கேன். எங்கிட்டயே மறைச்சா எப்படி?" என்றார். கட்சிக்காரர்களிடம் நான் ஆயுள் முழுக்கச் சொல்லிவந்த வசனம் அது.

வரும் வியாழக்கிழமை தொண்டை வழியாகக் கேமரா விட்டுப் பார்க்கப் போகிறார்கள். எனவே, நீர் உமது அக்காவிடம் பேசி ஒரு வாய்தா வாங்கித் தர வேண்டும். மாத்திரையிலேயே குணமாகிவிடும் என்பது என் வாதம். ஆதாரம் ஏதும் இல்லை.

உமக்கும் குடும்பத்தாருக்கும் நீண்ட ஆயுளும் எரியாத நெஞ்சும் வாய்க்கட்டும்.

(ஒப்பம்)
உமது அக்காவின் கணவன்

சாட்சிகள்:
1. மாடிவீட்டுத் தையல்காரர் (படிக்காமலேயே கையொப்பமிட்டார்)
2. உமது அக்கா (படித்த பிறகே கையொப்பம் என்று வாங்கிச் சென்றிருக்கிறாள்)

பின்குறிப்பு: படித்துவிட்டாள். தேநீர்ப் பந்தயம் வரை சிரித்தாள். அதற்கு மேல் சிரிக்கவில்லை. "அந்த ரூமை உங்ககிட்டேருந்து யாரும் பறிக்க வரல. நீங்க இருந்தாத்தானே அதை நினைச்சுப் பாக்க முடியும்?" என்றாள். தீர்ப்பை ஏற்கிறேன். ஆகவே மேற்கண்ட வேண்டுகோள் வாபஸ். வியாழக்கிழமை போகிறேன். நீர் புதன்கிழமையே வந்துவிடும். பயம் என்ற சொல்லை இக்கடிதத்தில் நான் எங்கும் எழுதவில்லை, எழுதியதாகவே கொள்ளவும்.